முகமூடிக்காரரின் கால்விரல்கள்

எண்பதுகளின் தொடக்கம். காரைக்காலில் நான் நர்ஸாகச் சேர்ந்து இரண்டாவது வருடம். அந்த மாசி மாதம் எங்கள் ஊர் மைதானத்தில் மூன்று நாள் ஃப்ரீ ஸ்டைல் குஸ்தி நடந்தது. தலத்தெருவிலிருந்து காரைக்கால்மேடு வரை காரில் ஒலிபெருக்கி கட்டிக் கத்திக்கொண்டு போனார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரம்பம். முதலுதவிக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்று கேட்டபோது நானே முந்திக்கொண்டு சரி என்றேன். முன்வரிசை நாற்காலியில் ஓசியில் குஸ்தி பார்க்க யாருக்குத்தான் கசக்கும்?

முதல் நாள் கடைசிச் சண்டை, கறுப்பு முகமூடி போட்ட ஒருவருக்கும் வெள்ளை ஜட்டி போட்ட பயில்வானுக்கும். முகமூடிக்காரர் ஏதோ தூர தேசத்துக்காரர் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. கூட்டத்தைப் பார்த்து நாக்கைத் துருத்துவார், கடிப்பார், கண்ணில் விரலை விடுவார். வெள்ளைக்காரர் (ஜட்டியைச் சொல்கிறேன்) நல்ல பிள்ளை. அவர் முகமூடிக்காரரைத் தலைக்கு மேல் தூக்கி அறைந்ததும் அந்த மனுஷன் பிணம் மாதிரிக் கிடந்தார். முதலுதவிப் பெட்டியோடு கயிற்றுக்கு அடியில் புகுந்து மேடையில் ஏறி அவர் நாடியைப் பிடித்தேன்.

ஒரு கண் மட்டும் திறந்தது. "நீங்க போயி உக்காருங்கக்கா. எனக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றார், சுத்தமான சேலத்துத் தமிழில். சொல்லிவிட்டுத் துள்ளி எழுந்தார். மைதானமே என்னைப் பார்த்துச் சிரித்தது.

ஆட்டம் முடிந்ததும் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்தார்கள். வெள்ளை ஜட்டிக்காரர் என்னைக் கூப்பிட்டு அவர்கள் தொழில் ரகசியத்தைச் சொன்னார். ஒவ்வொரு பிடியிலும் ஒருவர் மற்றவரின் மணிக்கட்டை லேசாக அழுத்துவாராம். பதிலுக்கு அவர் அழுத்தினால் நலமாக இருக்கிறார் என்று அர்த்தம். மற்றதெல்லாம் நடிப்பு.

மறுநாள் வார்டில் நுழைந்தால், எழுந்து உட்காரத் தெம்பில்லாத நோயாளி கூட, "என்ன சிஸ்டர், நேத்து குஸ்தி போட்டீங்களாமே" என்கிறார். எனக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம். இனி வானமே இடிந்து விழுந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

இரண்டாம் நாள் கூட்டம் இன்னும் அதிகம். ஊர்க்காரர்கள் வெள்ளை ஜட்டிக்காரருக்குப் போட்ட மாலையை முகமூடிக்காரர் பிய்த்துப் போட்டு மிதித்தார். ஜனங்கள் கொதித்துவிட்டார்கள். அந்தக் கொதிப்புக்கு நடுவில் முகமூடிக்காரர் மறுபடியும் மேலே போனார், கீழே வந்தார். விழுந்த சத்தம் நேற்றுப் போல இல்லை. எனக்கு அது தெரிந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. பெட்டியைக் காலால் நாற்காலிக்கு அடியில் இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டேன்.

வெள்ளை ஜட்டிக்காரர் குனிந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு தடவை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். பிறகு சட்டென்று படுத்து, முகமூடிக்காரரின் தலையை இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். கழுத்தை நெரிக்கிறார் என்று நினைத்த கூட்டம், விடாதே விடாதே என்று அலறியது. எனக்கு மட்டும் அவர் விரல்கள் தெரிந்தன. அவை எதையும் நெரிக்கவில்லை. இரண்டு காதுகளுக்கும் பக்கத்தில் விரிந்து, தலை இப்படி அப்படி ஆடாமல் தாங்கிக்கொண்டிருந்தன. அவர் கண்கள் கூட்டத்தில் என்னைத் தேடின.

எப்படி மேடை ஏறினேன் என்று தெரியாது. "அக்கா, பதில் வரலக்கா" என்றார். முகமூடிக்காரரின் உள்ளங்காலில் பேனாவால் கீறினேன். கால்விரல்கள் அசையவில்லை. கழுத்தில்தான் அடி.

அதற்குள் ஆட்கள் நாலாபக்கமும் கயிற்றைப் பிடித்து ஏற ஆரம்பித்துவிட்டார்கள். செருப்புகள் பறந்து வந்து விழுந்தன. முதலில் வந்தவர் காரைக்கால்மேட்டுப் படகுக்காரர் ஒருவர், ஆறடி ஆள். ஒரு கையில் செருப்பு. இன்னொரு கையால் முகமூடியின் உச்சியைப் பிடித்தார். ஒரு இழுப்பு இழுத்தால் கழுத்து போய்விடும். நான் அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, இழுக்காதீங்க. இது நடிப்பு இல்ல. உசுரு போயிடும்."

"நேத்தும் இப்படித்தானே ஓடியாந்தீங்க, நர்சம்மா" என்றார். முகமூடியை விடவில்லை.

நேற்றைய சிரிப்பு அவர் உதட்டில் அப்படியே இருந்தது. "நான் சொல்றத நம்ப வேணாம். அவர் கால நீங்களே தொட்டுப் பாருங்க" என்றேன்.

அவர் முகமூடியை விட்டுவிட்டுக் குனிந்து, அந்தப் பாதத்தில் நகத்தால் அழுத்திக் கிள்ளினார். மறுபடியும் கிள்ளினார். செருப்பைக் கீழே போட்டார்.

"எல்லாம் எறங்குங்கடா. ஒருத்தன் மேல இருக்கக் கூடாது" என்று அவர் போட்ட சத்தத்தில் மேடை காலியானது. கூட வந்த ஐந்தாறு பேரைக் கூப்பிட்டார். மேடை கட்டியது போக மிச்சம் கிடந்த அகலப் பலகையைக் கொண்டுவந்தார்கள். கரையில் படகைத் தூக்கிப் பழகிய கைகள் அவை. அவர் கொடுத்த ஒரே குரலுக்கு அத்தனை பேரும் ஒன்றாகத் தூக்கினார்கள், ஒரு பக்கம் ஏறாமல், ஒரு பக்கம் இறங்காமல். வெள்ளை ஜட்டிக்காரர் பிடித்த தலையை விடாமல் குனிந்தபடியே கூட நடந்தார். கூட்டம் விலகி வழி விட்டது. மைதான ஓரத்தில் நின்ற வேனில் ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கழுத்துக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்துப் படுக்கவைத்தார். மறுநாள் காலை வலது கால் கட்டைவிரல் லேசாக அசைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றே வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

ஏழெட்டு மாதம் கழித்து வார்டு வாசலில் கோல் ஊன்றிய ஒருவர் வந்து நின்றார். முகம் மெலிந்து அடையாளம் தெரியவில்லை. "நல்லா இருக்கீங்களாக்கா" என்றதும் குரல் தெரிந்துவிட்டது. உயிரைக் காப்பாற்றினீர்கள் என்று கை கூப்பினார். பெட்டியைத் தள்ளிவிட்டு நான் உட்கார்ந்திருந்த நேரத்தைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். "சும்மா நடிக்குது சிஸ்டர், விடுங்க" என்று எத்தனையோ பேரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். பல தடவை அது நடிப்பாகவே இருந்தது, சிரித்தார்கள், சிரிக்கட்டும். அன்று அசையாமல் கிடந்த அவர் காலை விட, பெட்டியைத் தள்ளிய என் கால்தான் எனக்கு அதிகம் ஞாபகம் இருக்கிறது.