வெள்ளரிக்காய்க்கு வந்த இருபத்தைந்து கிராம்

திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பக்கம் அமைத்துக்கொண்டிருந்தபோது, சமைக்காமலே சாப்பிட்டு வாழ்வது பற்றி ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் சாத்தூர்ப் பக்கத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர். அடித்ததும் நான், பிழை பார்த்ததும் நான். "நீங்க பாத்தா சரிதான் தம்பி" என்று அவர் விட்டுவிட்டார். படித்ததும் மயங்கிவிட்டேன். எனக்கு வெந்நீர் போடக்கூடத் தெரியாது. அடுப்பே வேண்டாம் என்கிற கொள்கையை யார் விடுவார்?

ஒரே சந்தேகம்: கறி, முட்டை இல்லாமல் புரதத்துக்கு எங்கே போவது? அதற்கும் ஓர் அட்டவணை இருந்தது. நூறு கிராமில் எவ்வளவு புரதம்? நிலக்கடலை இரண்டு கிராம். வெள்ளரிக்காய் இருபத்தைந்து.

அன்றே ஆரம்பித்தேன். பழம், கொஞ்சம் தேங்காய், மூன்று வேளையும் வெள்ளரிக்காய். கடலை கொறிப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருந்தது. வேறு ஆர்டர்களால் புத்தகம் அச்சேற ஒரு மாதம் தள்ளிப்போனது. அதற்குள் பேன்ட் இடுப்பில் நிற்க மறுத்தது. மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்தேன். உடம்பு சுத்தமாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பைண்டிங்கில் தாள் மடிக்கும் அக்கா ஒருநாள் கேட்டார்.

"என்ன தம்பி, தெனமும் இதையே கடிக்கிறீக? ஆடுகூட மாத்தி மேயுமே."

"கறியவிட இதுல சத்து அதிகம்க்கா. நம்ம புஸ்தகத்துலயே இருக்கு."

"அம்புட்டுச் சத்தா? அப்ப பஸ் ஸ்டாண்டுல வெள்ளரிக்கா விக்கிற அம்மா லாரியையே தூக்குமே!"

சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றது. கையெழுத்துப் பிரதியைத் தேடி எடுத்தேன். நான் அடித்த அட்டவணையில் எண்களுக்கு மேலே ஓர் என்டர் கூடுதலாகத் தட்டியிருந்தேன். எல்லா எண்ணும் ஒரு வரி இறங்கி, பேரீச்சையின் இரண்டு கடலைக்கும், கடலையின் இருபத்தைந்து வெள்ளரிக்காய்க்கும் போயிருந்தது. என் விரல் செய்த கோளாறை என் வயிறு வேதவாக்காக எடுத்துக்கொண்டிருக்கிறது.

ஆயிரம் பிரதிகள் அச்சாகிவிட்டன. மறுநாள் தபால்காரர் வாங்க வருகிறார். சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால், ஊர் ஊராக ஆட்கள் மாடிப்படியில் பாதியில் உட்காருவார்கள்.

வந்ததும் சொல்லிவிட்டேன். அவர் அட்டவணையைப் பார்த்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நெசமாவே இத நம்பிச் சாப்பிட்டீகளா? எம்புட்டு நாளு?"

"முப்பத்தாறு நாள்யா."

"கடலைய ஊற வச்சுக்கூடத் திங்கலையா? பச்சப்பயறு மொளகட்டி?"

"வெள்ளரிக்காயே போதும்னு விட்டுட்டேன்யா."

திட்டப்போகிறார் என்று நின்றேன்.

"எங்க வீட்லயே ஒருத்தரும் என் பேச்சக் கேக்கல, தம்பி. கேட்ட ஒரே ஆளையும் காய வச்சுட்டேனே!" என்றார். பிறகு குரல் மாறியது. "திருத்தம் ஒட்டாம ஒரு புஸ்தகமும் இங்கேருந்து போகாது."

சரியான அட்டவணையைச் சீட்டாக அடித்து, ஆயிரத்திலும் நானே ஒட்டினேன். எண்கள் அந்தந்த வரியில் நிற்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தபடி, பக்கத்தில் அவரும் உட்கார்ந்திருந்தார்.