லிஃப்ட்காரர் நிறுவிய குரல்

லிஃப்ட்காரர் சின்ன பெயின்ட் பிரஷால் பழைய மடிக்கணினியின் வயிற்றுக்குள் இருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருடம் லிஃப்ட் பழுது பார்த்த கை. ஒரு திருகைக்கூடத் தவற விடாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். மகன் தூக்கிப் போடச் சொன்ன கணினியில் அன்று மதியம்தான் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றியிருந்தார்.

எல்லாம் மனைவிக்காக. வீட்டில் படுத்துக்கிடக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வரும் பெண்களுக்கு அவள்தான் பயிற்சி கொடுப்பாள். தொண்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு குரல் போய்விட்டது. மறுநாள் பத்து மணிக்குப் புது வகுப்பு. "ஏதாவது வழி பண்ணிட்டு வாங்க சிஸ்டர், இல்லேன்னா வேற ஆளைத்தான் போடணும்" என்று பயிற்சி நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். தட்டச்சு செய்வதை உரக்கப் படிக்கும் மென்பொருள் ஒன்று இலவசமாகவே கிடைத்தது. அதை நிறுவிவிட்டால் போதும்.

அந்த நிறுவுகிற வேலைதான் நடக்கவில்லை. கணினியை மூடி, உயிர் கொடுத்து, கட்டளையைத் தட்டினார். பாக்கேஜ் எனப்படும் மென்பொருள் மூட்டைகளின் பட்டியலை இணையத்தில் வாங்கப் போன கணினி வெறுங்கையோடு திரும்பி வந்து, பட்டியல் இன்னும் செல்லுபடியாகவில்லை என்றது. கட்டளையில் எழுத்துப் பிழை இருக்குமோ என்று பார்த்தார். இல்லை. இணையம் ஒழுங்காக ஓடியது. வேறு சர்வரை மாற்றிப் பார்த்தார். அதுவும் அதே பாட்டு.

"இன்னும் செல்லாதாம். நாளைக்கு வரப்போற பட்டியலை இன்னிக்கே குடுத்துட்டானா, என்ன?" என்று திரையைப் பார்த்துச் சீறினார்.

மனைவி பென்சிலோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நோயாளியின் அட்டையானாலும் கரண்ட் பில்லானாலும் மேல் ஓரத்திலிருந்து படிக்கிறவள். திரையையும் அப்படியே படித்தாள். பிறகு தாளில் எழுதி அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்: "ஏங்க, நமக்கு ஆறு வயசு குறைஞ்சிருக்கு. தேதியைப் பாருங்க."

பார்த்தார். கணினி ஆறு வருடம் பின்னால் இருந்தது. அதன் கணக்கில் இன்றைய பட்டியல் இன்னும் பிறக்கவே இல்லை.

கடிகாரத்தை ஓட்டும் குட்டி பேட்டரி செத்துப்போயிருந்தது. அதுகூடப் பரவாயில்லை, இணையத்திலிருந்து கணினி தானாகவே நேரத்தைச் சரிசெய்துகொண்டிருக்கும். ஆனால் கை வைக்கும் முன் லிஃப்டை 'ஆட்டோ'விலிருந்து 'மேனுவல்' ஆக்குவது அவர் தொழிலின் பாலபாடம். அந்தப் பழக்கத்தில் புது லினக்ஸிலும் 'தானாக' என்று கண்ணில் பட்ட பொத்தானையெல்லாம் வரிசையாக அணைத்து வைத்திருந்தார்.

"நான்தான் அணைச்சேன்" என்றார் மெதுவாக.

அவள் எழுதினாள்: "தெரியும். வீட்டு ஃபேனைத் துடைக்க ஸ்டூலைப் போடுறதுக்கே அரைமணி முன்னாடி அதை அணைக்கிற ஆள்."

நேரத்துக்கான 'தானாக' பொத்தானை மறுபடி போட்டார். தேதி இன்றைக்குத் தாவியது. கட்டளையை மறுபடி தட்டினார். பட்டியல் வந்தது, பாக்கேஜ்கள் ஒவ்வொன்றாக இறங்கின. அவர் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார், நடுமாடியில் ஆள் மாட்டிய லிஃப்டைப் பார்ப்பது போல.

அவள் கணினியைத் தன் பக்கம் இழுத்துத் தட்டினாள். தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல ஓர் ஆண் குரல் கிளம்பியது: "இது என்ன, சளி பிடிச்ச ஆம்பளை மாதிரி இருக்கு?"

"ரெண்டு மாசம் கழிச்சு வாய் திறக்கிறே. முதல் வார்த்தையே குத்தமா?" என்றார் அவர். முகமெல்லாம் பல்.

மறுநாள் காலை பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பயிற்சி அறையில் கணினிக்கு மின்சாரம் கொடுத்து, ஒலியைக் கூட்டி வைத்துவிட்டு, அவர் கதவோரம் போய் நின்றார். பெட்டிக்குள்ளிருந்து ஆண் குரல் வணக்கம் சொன்னதும் பன்னிரண்டு பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிஸ்டர் அசையவில்லை. இரண்டு விரலால் தட்டினாள்.

"சிரிச்சு முடிச்சாச்சா? பச்சைச் சட்டை, நீ வந்து கட்டில்ல படு. பக்கத்துல ரெண்டு பேர் வாங்க. முதுகுல புண் வராம ஆளை எப்படித் திருப்பிப் போடுறதுன்னு பார்ப்போம்."

பச்சைச் சட்டைக்காரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தாள்.