மெழுகுவத்தி அக்காவும் கிளம்பாத மாப்பிள்ளையும்

அவள் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் எட்டுத் தெருவில் உள்ள போல்ட்டெல்லாம் தானாகக் கழன்று விழும். சரி, எட்டு கொஞ்சம் அதிகம்தான். ஒன்றும் விழவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் பல்செட்தான் ஓர் ஆட்டம் ஆடி அடங்கியது.

என் காரின் முறை வரட்டும் என்று பட்டறையில் பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தேன். வேனுக்கடியில் மல்லாந்து கிடந்தவளை அங்கே எல்லோரும் மெழுகுவத்தி அக்கா என்கிறார்கள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு மெழுகுவத்தித் துண்டு இருக்கும். கரண்ட் போனால் ஏற்றுவதற்கல்ல. சூடேறிய போல்ட்டின் ஓரத்தில் அதைத் தொட்டால், உருகிய மெழுகு துருவுக்குள் சரசரவென்று இறங்கிவிடும். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலுக்குக் கம்பி, மறு காலுக்கு நூல். துருவேறிய போல்ட் எல்லாமே அவளுக்கு ‘மாப்பிள்ளை’.

“பத்து வருஷமா மாமியார் வீட்லயே டேரா போட்டுட்டாரு, பெரியம்மா. அடிச்சு வெரட்டினா முறுக்கிக்குவாரு. தலை ஒடைஞ்சுதுன்னா வண்டி ரெண்டு நாள் இங்கதான்.”

இரண்டு நாள் நிறுத்தி வைக்க முடியாத வண்டி அது. சிறுநீரகம் பழுதானவர்களை ரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் வேன். மணி பன்னிரண்டரை. இரண்டு மணிக்கு நான்கு பேர் வாசலில் காத்திருப்பார்கள். பின் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையை மாற்ற வேண்டும். புதுக் கை தயார். பழையதைப் பிடித்திருந்த போல்ட்டின் நட்டு கழன்றுவிட்டது, போல்ட்தான் வெளியே வரவில்லை. டிரைவர் போனில், “வந்துக்கிட்டே இருக்கேம்மா” என்று வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தார். பொய்யில் எனக்குச் சரியான ஜோடி.

ஸ்பானரைப் போட்டு அழுத்தினாள். போல்ட் அசைந்தது!

“சுத்துது, சுத்துது!” டிரைவர் குதித்தார். நானும் எழுந்துவிட்டேன்.

“உக்காருங்க ரெண்டு பேரும். உள்ள இருக்கிற ரப்பரும் சேந்து முறுக்குது. இப்பப் பாருங்க.” பிடியைத் தளர்த்தினாள். போல்ட் கோபித்துக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்பிப் போனது.

பிரேக் குழாய்க்கு ஈரச் சாக்கைச் சுற்றினாள். காஸ் தீயை நீட்டினாள். ரப்பர் கருகிப் புகைந்தது, இரும்பு சிவந்தது. தீயை அணைத்துப் போல்ட்டில் மெழுகைத் தொட்டாள்; துரு உஸ்ஸென்று குடித்தது. இடது கைக்குள் மெழுகுவத்தி, வலது கையில் ஸ்பானர். கழற்றுவாள் என்று பார்த்தால், இறுக்குகிறாள்!

“அக்கா, அது அந்தப் பக்கம் இல்ல!” டிரைவர் அலறினார்.

“சும்மா இருய்யா. ‘இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க மாப்ள’ன்னு சொன்னாத்தான் பொட்டியத் தூக்குவாரு.”

துளி வலம். துளி இடம். மறுபடி வலம். ‘கடக்!’ என்று ஒரு சத்தம். ஒடிந்ததா, விட்டதா? டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் பல்செட்டைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த இழுப்பில் போல்ட் நழுவியது. நழுவியது, வெண்ணெயில் போட்ட கத்திபோல! பின்னாலிருந்து நான்கே தட்டு. ‘டங்’ என்று மாப்பிள்ளை தரையில்.

ஒன்றே முக்காலுக்கு வேன் புதுக் கையோடு தெருமுனையில் திரும்பியது. என் காரின் முறை வருவதற்குள் இதையெல்லாம் எழுதி அவளிடமே படித்துக் காட்டினேன். ‘இத்தனையிலும் அவளுக்குப் பயம் என்பது ஒரு துளிகூட இல்லை’ என்று முடித்திருந்தேன்.

“தட்டு நாலு இல்ல, பதினொண்ணு,” என்றாள். “அந்தக் கடைசி வரியும் பொய், பெரியம்மா.”

பையிலிருந்து மெழுகுவத்தித் துண்டை எடுத்து என் காகிதத்தின் மேல் வைத்தாள். அவளுடைய ஐந்து விரல்களும் அதில் ஆழமாகப் பதிந்திருந்தன.