உச்சியில் தீ வைத்த மலை

எங்கள் ஊர்ப் பிள்ளைகளை ஒரு மலை வரையச் சொன்னால், மலையை வரைந்து முடித்த பிறகும் எழுந்திருக்க மாட்டார்கள். ஆரஞ்சு கிரேயானைத் தேடுவார்கள். உச்சியில் ஒரு சுடர் போட்டால்தான் படம் முடிந்ததாகக் கணக்கு. யாரும் சொல்லித்தருவதில்லை. திருவண்ணாமலையில் பிறந்த பிள்ளைக்குச் சூரியன் மறந்துபோகலாம், பறவைகள் விட்டுப்போகலாம், தீபம் மட்டும் விட்டுப்போகாது. நானும் அப்படித்தான் வரைந்தேன். அதைப் பார்த்து எத்தனையோ ஊர் டீச்சர்கள் என் அம்மாவைக் கேலி செய்யப்போகிறார்கள் என்று மூன்றாம் வகுப்புப் படிக்கிறவளுக்கு எப்படித் தெரியும்?

அம்மா கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, காபி குடித்த கையோடு கத்தரிக்கோலை எடுத்துவிடுவார். பழைய கல்யாணப் பத்திரிகை, புதுச் சட்டைக்குள் வைத்து வரும் அட்டை, எதுவும் எங்கள் வீட்டில் குப்பைக்குப் போனதில்லை. எல்லாம் எழுத்து அட்டைகளாகிவிடும். அது தன் வகுப்போடு நின்றாலும் பரவாயில்லை. பல மாவட்டத்து ஆரம்பப்பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து நடத்திய ஒரு வாட்ஸ்அப் குழுவில் படமெடுத்துப் போட்டு, ‘தேவைப்படுவோர் பயன்படுத்திக்கொள்ளலாம்’ என்று ஒரு வரி எழுதுவார். அந்தக் குழுவில் எல்லோரும் அப்படித்தான். ஒருவர் பாட்டு போடுவார், ஒருவர் கணக்கு விளையாட்டு போடுவார், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

அப்பாவுக்குச் செங்கம் ரோட்டில் ஜெராக்ஸ் கடை. ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களின் பாஸ்போர்ட்டுகளை நகலெடுத்துப் பிழைத்துவந்த மனிதர். ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிப் பழகியவருக்கு அம்மாவின் தாராளம் பிடிபடவே இல்லை. “நம்ம ஊர்ல சும்மா கெடைக்கிறது ரெண்டுதான். ஒண்ணு கிரிவலத்துல சோறு, இன்னொண்ணு உங்கம்மா அட்டை” என்பார். சொல்லிக்கொண்டே அம்மாவின் அட்டைகளைக் கடை மெஷினில் அழகாக ஸ்கேன் செய்தும் கொடுப்பார்.

அந்த ஆண்டு கோடை விடுமுறையில் அம்மா ஒரு முழு வரிசைக்குத் திட்டம் போட்டார். பள்ளி திறப்பதற்குள் குழுவில் வந்ததையெல்லாம் திரட்டி ஒரே தொகுப்பாக்கி, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வைக்கப்போகிறார்கள் என்று பேச்சு. தன் அட்டைகள் அதில் சேர வேண்டும் என்று அம்மாவுக்கு ஒரே ஆசை. ஆனால் அவருக்குப் படம் வராது. அவர் வரைந்த மாட்டை அவர் வகுப்பே ஆடு என்று படித்திருக்கிறது. அதனால் ஓவியர் பதவி எனக்கு வந்தது. ‘ம’வுக்கு மலை வரைந்தேன், உச்சியில் தீயும் வைத்தேன். அம்மா பார்த்தார், அப்பா ஸ்கேன் செய்தார், இருவருக்குமே எந்தக் குறையும் தெரியவில்லை.

மறுநாள் குழுவில் ஒருவர், மலையின் மேல் ஏன் தீ எரிகிறது என்று கேட்டார். இன்னொருவர் எரிமலையா என்றார். காட்டுத் தீயாக இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள் என்றார் மூன்றாமவர். அதன்பின் வரிசையாகச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள். கடைசியில், தொகுப்பைத் திரட்டிக்கொண்டிருந்த மூத்த தலைமையாசிரியர் எழுதினார். வேறு மாவட்டத்துக்காரர், கண்டிப்பானவர். பிள்ளைகள் தவறாகப் பதிந்துகொள்வார்கள், தீயை நீக்கி அனுப்பினால்தான் சேர்க்க முடியும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. தீயில்லாமல் ஒன்று வரைந்து தரும்படி என்னைக் கேட்டார். நான் அழுதேன், பிறகு வரைந்தேன். அம்மா அட்டையைத் தூக்கிப் பார்த்தார். ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

“இன்னாங்க இது, நெல்லு குவிச்ச மாதிரி இருக்குது” என்றார் அப்பாவிடம்.

“அனுப்பாதே, வுடு” என்றார் அப்பா. ஒரு நகலுக்கும் காசு விடாத மனிதர், அன்றைக்கு ஏனோ அந்தத் தீக்காக வரிந்துகட்டிக்கொண்டு நின்றார். அம்மா அனுப்பவில்லை. அவர் அட்டைகள் இல்லாமலேயே தொகுப்பு வெளியானது. பள்ளி திறந்த பிறகும் கொஞ்ச நாள் அவர் கத்தரிக்கோலைத் தொடவில்லை. வீட்டில் எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம் என்று எனக்குள் ஒரு பாரம் உட்கார்ந்துகொண்டது.

மழைக்காலம் தொடங்கும்போது அம்மாவுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. நாகப்பட்டினம் பக்கம் ஒரு மீனவர் ஊரில் வேலைபார்க்கும் டீச்சர் பேசியிருந்தார். அவர் அந்தத் தீ வைத்த அட்டையை அன்றே எடுத்துவைத்து, பள்ளி திறந்ததும் தன் வகுப்புச் சுவரில் ஒட்டிவிட்டாராம். அவருடைய பிள்ளைகள் யாரும் மலையையே பார்த்ததில்லை. மலை என்றால் மேலே தீ எரியும் என்று நம்பி, நேரில் காட்டச் சொல்லி உயிரை எடுக்கிறார்களாம். அவரும் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். “எப்ப வந்தா தீ தெரியும், சொல்லுங்க டீச்சர். தெரியாமப் போச்சுன்னா எம் புள்ளைங்க என்னை நம்பாதுங்க.”

அம்மா பத்து தடவையாவது கேட்டிருப்பார். தீபத்தன்று கூட்டத்தில் நசுங்கிவிடுவீர்கள், அடுத்த சில நாளும் மாலையில் ஏற்றுவார்கள், அப்போது வாருங்கள் என்று பதில் சொன்னார். சாப்பாடு எங்கள் வீட்டில் என்று அப்பா நடுவில் புகுந்து சொன்னார்.

வேன் வந்து நின்ற அன்று காலையிலிருந்தே மழை. மலை இருந்த இடத்தில் வெள்ளையாக மேகம் மட்டும் இருந்தது. பிள்ளைகள் மொட்டை மாடியில் தகர ஷெட்டுக்கடியில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுவிட்டு, மலை எங்கே என்றார்கள். நான் மேகத்தைக் காட்டினேன். மழை விட்டது, மேகம் விடவில்லை. ஆறு மணி ஆயிற்று. மேலே ஏற்றியிருப்பார்கள், எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு பையன் தன் டீச்சரைப் பார்த்து, “படத்துலதான் டீச்சர் இருக்கும்” என்றான், ஆறுதல் சொல்வதுபோல. அந்த டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது. நான் வேண்டாத சாமியில்லை.

மேகம் ஒரு பக்கமாக நகர்ந்தது. முதலில் மலையின் தோள் தெரிந்தது, பிறகு உச்சி, உச்சியில் தீ.

எங்கள் ஊரில் தீபத்தைக் கண்டதும் அரோகரா என்பார்கள். பக்கத்து மாடிகளிலெல்லாம் அந்தச் சத்தம்தான் எழுந்தது. எங்கள் மாடியில் மட்டும் அத்தனை பிள்ளைகளும் எழுந்து நின்று, தொண்டை கிழிய, “ம! ம! மலை!” என்று கத்தினார்கள். தெருவே திரும்பிப் பார்த்தது. அம்மா சிரித்துக்கொண்டே அழுதார். நான் ஒவ்வொரு பிள்ளையாகப் பிடித்து, நான் வரைந்தது, நான் வரைந்தது என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். உலகத்தில் அன்றைக்கு என்னைவிடப் பெரிய ஆள் இல்லை.

அம்மா அதை வீடியோ எடுத்துக் குழுவில் போட்டார். வேறு ஒன்றும் எழுதவில்லை. சிறிது நேரத்தில் அந்தத் தலைமையாசிரியர், ‘மலை அட்டை உள்ளபடியே தொகுப்பில் சேர்க்கப்பட்டது’ என்று எழுதினார். சிரித்தவர்கள் எல்லாம் இப்போது கைதட்டினார்கள். அப்பா கடையைத் திறந்து, வந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு முழு வரிசையைக் கலரில் எடுத்துக் கொடுத்தார். காசு யார் தருவார்கள் என்று அம்மா கேட்டதற்கு, “தேவைப்படுவோர் பயன்படுத்திக்கலாம்” என்றார்.

புறப்படும்போது அந்தப் பிள்ளைகள் தாங்கள் செய்த ஓர் அட்டையை எங்களுக்குக் கொடுத்தார்கள். ‘க’வுக்குக் கடல். நான் வாங்கிப் பார்த்தேன். கறுப்பு கறுப்பாகப் பாறாங்கற்கள், குறுக்கே வரிசையாக. அலையும் இல்லை, நீலமும் இல்லை. நானும் அதுவரை கடலைப் பார்த்ததில்லை, ஆனால் காலண்டரில் பார்த்திருக்கிறேன். இவர்களுக்குக் கடல் வரையத் தெரியவில்லை என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. வரைந்த சிறுமியிடமே கடல் எங்கே என்று கேட்டேன்.

“பின்னாடி இருக்கு” என்றாள்.

அம்மா அதையும் அப்படியே குழுவில் போட்டார். தப்பான படத்தைப் போடுகிறாரே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. என் தீ ஜெயித்த அன்றுதான் அது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

போன வருடம் ஒரு தோழியின் கல்யாணத்துக்கு நாகப்பட்டினம் பக்கம் போனவள், வழி கேட்டு அந்தப் பிள்ளைகளின் ஊருக்கும் போனேன். பஸ் நின்ற இடத்திலிருந்து பள்ளிக்கூடம் தெரிந்தது. அதற்கு அப்பால், வீடுகளைக் கடல் கொண்டுபோகாமலிருக்க, கறுப்புப் பாறாங்கற்களை ஆள் உயரத்துக்குமேல் நெடுக அடுக்கியிருந்தார்கள். பள்ளி வாசலில் நிற்கும் ஒரு பிள்ளையின் கண்ணுக்கு அதைத் தவிர வேறொன்றும் படாது. நான் அங்கேயே நின்றேன். கற்களுக்குப் பின்னாடி கடல் இரைந்துகொண்டிருந்தது.