கடப்பைக்கல்லுக்கு அடியில்

அந்தக் காலையில் மயிலாப்பூர்ச் சந்தில் இருந்தவர்கள் இவர்கள். இன்ஜினியர் ஒருவர், முப்பது வயதுக்குள். தண்ணீர் சோதிக்கிற இன்ஸ்பெக்டர், கையில் மரப்பெட்டி. எங்கள் மேஸ்திரி. குழாய் ஒட்டுகிற ஃபிட்டர். மண் தோண்டுகிற நான். தெருக்குழாயடியில் வெறுங்குடத்தோடு ஒரு பெண். அவளுக்கு எதிர்வீட்டு வாசலில், கோர்ட்டில் வேலை பார்த்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த பெரியவர். ஏழு பேர்.

அந்தப் பெண்ணின் மகள் அங்கே இல்லை. மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஐந்து வயது. வாந்தி, பேதி. கையில் குளுகோஸ் ஏறிக்கொண்டிருந்தது. சந்தில் இன்னும் சில பேருக்கும் அதேதான். அவளுக்குத்தான் மோசம். தண்ணீரில் எங்கேயோ சாக்கடை கலக்கிறது. அதைக் கண்டுபிடிக்கத்தான் எங்களை அனுப்பியிருந்தார்கள்.

எழுபதுகளில் ஏரிகள் வறண்டுபோன ஒரு வருடம் அது. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். காலையில் இரண்டு மணி நேரம். அதிலும் வேகம் இருக்காது. வீட்டுக்கு வீடு கைபம்பு வைத்து அடித்து இழுப்பார்கள். பம்புக்கும் ஏறாத வீடுகளில் குழி வெட்டுவார்கள். தெருவில் போகிற பெரிய குழாய் மண்ணுக்கு நாலடி கீழே கிடக்கும். அதிலிருந்து மேலே ஏறத் தண்ணீருக்குத் தெம்பு இல்லை. அதனால் வாசலில் மார்பளவு குழி எடுத்து, வீட்டுக்கு வருகிற குழாயை அடியில் இறக்கி, வாயைத் திறந்து விட்டுவிடுவார்கள். தண்ணீர் தானாக விழும். ஒருவர் உள்ளே இறங்கி மொண்டு கொடுக்க, ஒருவர் மேலே நின்று வாங்கிக்கொள்வார்.

இது சட்டப்படி கூடாது. தெரிந்தால் அபராதம். அதனால் குழியின் மேல் கடப்பைக்கல் போட்டு மூடி, கல்லின் மேல் தினமும் கோலம் போடுவார்கள். கோலத்தை மிதித்துக்கொண்டு எந்த அதிகாரியும் கல்லைப் பெயர்க்கச் சொல்லமாட்டார்.

அந்தக் குழிகளைத் தோண்டியது நாங்கள்தான். வாரத்தில் ஆறு நாள் சர்க்கார் குழி. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் குழி. எந்தக் குழாய் எங்கே போகிறது என்று எங்களுக்குத்தானே தெரியும்.

முதல் நாள் இன்ஸ்பெக்டர் சந்து முனையில் தண்ணீர் பிடித்தார். சின்னக் கண்ணாடிக் குழலில் ஊற்றி, மருந்து சில சொட்டு விட்டார். மஞ்சளானது. மஞ்சள் வந்தால் குளோரின் இருக்கிறது, குடிக்கலாம். பிறகு தெருக்குழாயில் பிடித்தார். நிறமே வரவில்லை.

"நடுவுலதான் கெடுது," என்றார்.

நடுவில் பதினோரு வீடு. மேஸ்திரி காட்டிய இடத்தில் தோண்டினேன். குழாய் ஒட்டு நன்றாக இருந்தது. மறுநாள் தண்ணீர் இல்லாத நாள். இன்னும் இரண்டு இடத்தில் தோண்டினேன். ஈயம் ஊற்றிய ஒட்டு எல்லாம் காய்ந்து கிடந்தது. சாயங்காலம் பிளீச்சிங் பவுடர் கரைத்துக் குழாயில் ஊற்றினார்கள். மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, தண்ணீர் வந்ததும் கொஞ்ச நேரம் ஓட விட்டு, பள்ளத்தை மூடினோம். மேஸ்திரிக்கு வேறு தெருவில் வேலை காத்திருந்தது.

பெரியவர் வாசலில் நின்று கேட்டார். "என்னப்பா, மூணு நாளா தோண்டிண்டே இருக்கேளே. ஏதாவது ஆப்ட்டுதா?"

"முடிஞ்சிடுச்சி சாமி," என்றார் மேஸ்திரி.

"எங்காத்துல யாருக்கும் ஒண்ணும் இல்லை. கொல்லையில கிணத்தை ஆழப்படுத்தினதுலேர்ந்து நாங்க இந்தக் குழாயைத் தொடறதே இல்லை."

குடத்தோடு நின்றவள் திரும்பினாள். "உங்களுக்குக் கெணறு கீது, பேசறீங்க. எனுக்கு இன்னா கீது? இந்தக் கொயாதான் கீது."



எங்கள் கேங்கில் ஒரு வழக்கம். வேலை முடிந்ததும் மண் தோண்டியவன் அந்தத் தண்ணீரை ஒரு தம்ளர் குடிக்க வேண்டும். தெரு ஜனங்கள் பார்க்க வேண்டும். மேஸ்திரி குடித்தால் செல்லாது. ஃபிட்டர் குடித்தாலும் செல்லாது. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. நான் பத்து வருடமாகக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் தம்ளரில் பிடித்து நீட்டினாள். "குடி நைனா. நீ குடிச்சாத்தான் நான் கொடத்த வெப்பேன்."

"குடிப்பாம்மா," என்றார் ஃபிட்டர். "கருங்கல்ல துன்னாலும் செரிக்கும் அவனுக்கு."

வாங்கினேன். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. பிளீச்சிங் வாடை அடித்தது.

நான் தம்ளரைப் பார்க்கவில்லை. பெரியவர் வீட்டு வாசலைப் பார்த்தேன். கல். கல்லின் மேல் வெள்ளிக்கிழமைக் கோலம்.

மூன்று வருடம் முன்னால் அந்தக் குழியை வெட்டியவன் நான். வெட்டும்போது கடப்பாரை வழுக்கி, பக்கத்தில் போன சாக்கடைக் குழாயில் பட்டது. அது பீங்கான் குழாய். விரல் நீளத்துக்கு விரிசல். கோணித்துணி சுற்றி சிமெண்ட் பூசினேன். வீட்டில் சொல்லவில்லை. அந்தப் பூச்சு நிற்காது என்று எனக்குத் தெரியும்.

முதல் நாள் இந்தச் சந்துக்குள் நுழைந்தபோதே ஞாபகம் வந்துவிட்டது. அதுவாக இருக்காது என்று வேறு இடத்தில் தோண்டிக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் பர்மனென்ட் லிஸ்ட் வருவதாக இருந்தது. பத்து வருடம் தினக்கூலி. வீடு கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் ஒரு குடிசை. லிஸ்டில் பேர் வந்தால் மாசச் சம்பளம், பென்ஷன்.

"இன்னாடா, பாத்துக்கினே கீற?" என்றார் மேஸ்திரி.

"குடிக்க மாட்டேன்."

"ஏன்?"

"அந்தக் கல்ல எடுக்கணும்."

மேஸ்திரி கிட்டே வந்தார். குரலைத் தாழ்த்தினார். "வாய மூடிக்கினு இரு. லிஸ்ட்ல உன் பேரு கீது. கெடுத்துக்காத."

இன்ஜினியர் காதில் விழுந்துவிட்டது. "எந்தக் கல்லு?"

காட்டினேன். "கீழே குழி இருக்கு சார்."

"அங்கே ஒண்ணுமில்லை," என்றார் பெரியவர். "சும்மா கல்லு. வெள்ளிக்கிழமை அதுவுமா கோலத்தைக் கலைக்காதேங்கோ."

"கீழே குழி இருக்குன்னு உனக்கு யார் சொன்னது?" என்று இன்ஜினியர் என்னைக் கேட்டார்.

"நான்தான் சார் தோண்டினேன்."

 பெரியவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு செருப்பை ஓரமாக நகர்த்தி வழிவிட்டார்.

தம்ளரைக் குழாய் மேடையில் வைத்துவிட்டுக் கடப்பாரை போட்டு நெம்பினேன். கல் எழுந்ததும் நாற்றம் வந்தது. பாதிக் குழி கறுப்புத் தண்ணீர். குழாயின் வாய் அதற்குள் முங்கிக் கிடந்தது. கிணறு ஆழப்படுத்தியபோது வாயில் துணி அடைத்துவிட்டு மறந்திருக்கிறார்கள். துணி மக்கிப்போயிருந்தது.

இன்ஸ்பெக்டர் குந்திப் பார்த்தார். "அக்கம்பக்கத்துல பம்பு அடிக்கறப்போ இதைத்தான் உறிஞ்சுது," என்றார். "இங்கேருந்து பெரிய குழாய்க்குப் போயி, அங்கேருந்து தெருக்குழாய்க்கு."

வாளி வாளியாக இறைத்தேன். அடியில் பீங்கான் குழாய் தெரிந்தது. என் சிமெண்ட் பாதி உதிர்ந்திருந்தது. கோணி நூல் தொங்கிக்கொண்டிருந்தது. விரிசல் வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கடப்பாரை நழுவியதையும் சொன்னேன்.

"அப்பவே சொல்லப்படாதா?" என்றார் பெரியவர்.

"சொல்லல சாமி."

"நானும் அப்புறம் குழியை எட்டிப் பாக்கலை," என்றார். உள்ளே போய்விட்டார்.

அவள் குழியின் விளிம்பில் வந்து நின்றாள். "உனுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"மூணு நாளாவா?"

"மூணு நாளா."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. மேடையிலிருந்த தம்ளரை எடுத்துத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினாள். குடத்தைக் கவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

ஃபிட்டர் குழாயைத் தெருப்பக்கமே வெட்டி மூடி போட்டார். சாக்கடைக் குழாயை மாற்றினார்கள். நான் குழிக்கு மண் தள்ளினேன். இன்ஜினியர் பக்கத்தில் நின்றார்.

"இந்த மாதிரி இன்னும் எத்தனை வீட்ல தோண்டியிருக்கே?"

"எண்ணினதில்ல சார். காட்டறேன்."

"காட்டினா உன் பேரும் சேர்ந்து எழுதணும்."

"எழுதிக்குங்க சார்."

மறுநாளிலிருந்து அவரும் நானும் ஃபிட்டரும் போனோம். முதலில் மயிலாப்பூர். பிறகு தி. நகர். பிறகு அடையாறு. சில வீட்டில் இல்லவே இல்லை என்றார்கள். கல்லை எடுத்ததும் பேச்சு நின்றது. தி. நகரில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "காசு வாங்கும்போது இனிச்சுது, இப்ப கசக்குதாக்கும்?" என்றார். வாங்கியது உண்மை. கல்லை எடுத்தேன்.

லிஸ்ட் வந்தது. என் பேர் இல்லை. மேஸ்திரி, "நான் இன்னா பண்றது?" என்றார். அவர் ஒன்றும் செய்ய முடியாது. நான் தினக்கூலியாகவே போய்க்கொண்டிருந்தேன்.

கடைசிக் குழி அடையாறில் ஒரு வீட்டில். அதை மூடிய மறுநாள் காலை, வேறு வேலைக்குப் போகும் வழியில் அந்தச் சந்துக்குள் நுழைந்தேன். தண்ணீர் வருகிற நேரம். அவள் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் நின்றிருந்தாள். கால் குச்சியாக இருந்தது. ஆனால் நின்றிருந்தாள். கையில் அதே தம்ளர்.

அவள் என்னைப் பார்த்தாள். மகள் கையிலிருந்து தம்ளரை வாங்கிக் குழாயில் பிடித்து நீட்டினாள். முழுதும் குடித்தேன். மகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

"எல்லாத்தையும் மூடியாச்சா?" என்றாள் அவள்.

"மூடியாச்சு."

"எத்தினி தோண்டின நைனா?"

இந்தத் தடவை எண்ணியிருந்தேன். எதிரே பெரியவர் வாசலில் இருந்ததையும் சேர்த்துச் சொன்னேன்.

இருபத்து மூன்று.