சவூதிக்குப் போன டிவிடி

எங்கள் கம்பியூட்டரில் இருந்த டிவிடி ரைட்டர் சீடி கேட்டால் அடித்துத் தரும். டிவிடி கேட்டால் மட்டும் அடம்பிடிக்கும். திரையில் பச்சைக்கோடு மெல்ல மெல்ல நகர்ந்து கடைசிவரை வரும். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு உள்ளே ஒரு கரகரப்பு, எழுத முடியவில்லை என்று இங்கிலீஷில் ஒரு வரி, தட்டு வெளியே வந்து நிற்கும். அது என்னைப் பார்த்து நாக்கை நீட்டுவதுபோலவே இருக்கும்.

நான் நுரைச்சோலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தம்புள்ளைக்கு வெங்காயம் ஏற்றிய லொறிக்காரன். எஞ்சின் நடுவழியில் நின்றால் எங்கே கைவைப்பது என்று தெரியும். இந்தப் பெட்டியில் நான் கைவைத்த இடமெல்லாம் பிழையாகவே போனது.

என் மனைவி அப்போது சவூதியில் ஒரு வீட்டில் வேலைசெய்துகொண்டிருந்தாள். யுத்தம் முடிந்து, இடம்பெயர்ந்தபோது விட்டுவந்த மன்னார்ப் பக்கத்துக் காணிக்குத் திரும்பலாம் என்று ஆனபோது போய்ப் பார்த்தோம். காணி இருந்தது, காடு இருந்தது, வீடு இருக்கவில்லை. ஒரு வீடு எழுப்புவதற்காகத்தான் அவள் போனாள். மகன் அப்போது குப்புறப் புரளத்தான் பழகியிருந்தான். என்னுடைய ராத்தா, கூடப்பிறந்த மூத்தவள், மச்சான் மௌத்தாகிப் போன பிறகு பிள்ளைகுட்டி இல்லாமல் எங்களோடு இருந்தவள், அவனைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். அதற்குப் பிறகு அவன் இறங்கவேயில்லை.

அங்கே அவளுக்குச் சொந்தமாகப் போன் வைத்திருக்க அனுமதியில்லை. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மேடத்தின் போனில் கொஞ்ச நேரம், அவ்வளவுதான். ஆனால் அவள் படுத்தது அந்த வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு அறையில். அங்கே கார்ட்டூன் பார்க்க ஒரு டீவியும் டிவிடி பிளேயரும் இருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை அவளே கேட்டாள்.

"மகனை டிவிடியில அடிச்சு அனுப்புங்க. அவன்ட மூஞ்சி மறந்து போகுது. கண்ணை மூடினா இந்த வீட்டுப் புள்ளயள்ட மூஞ்சிதான் வருது."

அந்தப் பேச்சைக் கேட்டபிறகு எனக்கு லொறியில் ஏறவே மனம் வரவில்லை. மகனுக்கு இரண்டரை வயது ஆகியிருந்தது. ஓடுகிறான், கோழியைத் துரத்துகிறான், சோற்றை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் வீடு முழுக்கச் சுற்றுகிறான். இதில் ஒன்றையும் அவள் கண்டதில்லை. தெரிந்த ஒருவரின் கேமராவை இரவல் வாங்கி, ஒரு நாள் முழுக்க அவன் பின்னாலேயே திரிந்து படம் எடுத்தேன். அதைக் கம்பியூட்டரில் ஏற்றிவிட்டுக் கேமராவைத் திருப்பிக் கொடுத்தேன். எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி லீவில் வந்திருந்த ஒரு பெண், மனைவி இருந்த அதே ஊரில் வேலைசெய்கிறவர், வருகிற வெள்ளி ஜும்மா முடியத் திரும்பிப் போவதாக இருந்தார். டிவிடியைத் தந்தால் தன் உடுப்புக்குள் வைத்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சொன்னார். வேறு ஆள் எப்போது போவார் என்று யாருக்கும் தெரியாது.

ரைட்டர் அந்த வாரம் பார்த்துத்தான் மக்கர் பண்ணியது.

முதலில் கரண்ட்டில் பழியைப் போட்டேன். தோட்டங்களில் தண்ணீர் மோட்டர்கள் ஓடத் தொடங்கினால் எங்கள் வீட்டு மின்குமிழ் மங்கிவிடும். பக்கத்துத் தோட்டக்காரரிடம் போய், கொஞ்ச நேரம் மோட்டரை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டேன். நல்ல மனிதர், அண்ணன் முறைக்குக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். வெங்காயம் காய்ந்துகொண்டிருக்க, மோட்டரை நிறுத்திவிட்டு வேலிக்கு அந்தப்பக்கம் நின்றார்.

"என்ன தம்பி, அடிச்சிட்டுதா?"

"இல்ல காக்கா."

"அப்ப மோட்டரைப் போடட்டா?"

"போடுங்க."

புத்தளம் டவுனில் கம்பியூட்டர் திருத்துகிற ஒருவருக்குப் போன் எடுத்தேன். வேகத்தைக் குறைத்து அடியுங்கள் என்றார். குறைத்தேன். வேறு டிவிடி வாங்குங்கள் என்றார். வாங்கினேன். வயரைக் கழற்றி மாட்டுங்கள் என்றார். கழற்றி மாட்டினேன். ஒவ்வொரு முறையும் ராத்தா மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, "பிஸ்மி சொல்லிட்டுப் பட்டனை அமத்து" என்பாள். பிஸ்மி சொல்லித்தான் அமத்தினேன். தட்டு வெளியே வந்தது. பழுதான டிவிடிகளைத் தோட்டக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டுபோய், கிளி விரட்டப் பயற்றங்காய்ப் பந்தலில் கட்டித் தொங்கவிட்டார். காற்றுக்கு அவை சுழன்று மின்னும்போதெல்லாம் நான் அந்தப்பக்கம் பார்க்காமல் நடந்தேன்.

புதிய ரைட்டர் ஒன்று வாங்கிப் பூட்டிவிடலாம் என்றால், இப்போது வருவதற்கும் எங்கள் பழைய பெட்டிக்கும் வயர் பொருந்தாதாம். கடைசியாக அந்தத் திருத்துகிறவர், ரைட்டரைக் கழற்றி உள்ளே இருக்கிற சின்னக் கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள், தூசியும் உப்புக்காற்றும் படிந்திருக்கும், அல்ககோலில் பஞ்சை நனைத்துத் துடையுங்கள் என்றார். நான் அதை ராத்தாவிடம் சொல்லியிருக்கக்கூடாது.

"அல்ககோலா? இந்த வூட்டுக்குள்ளயா?"

"குடிக்க இல்ல ராத்தா, துடைக்க."

"எதுக்காயிருந்தாலும் ஹறாம் ஹறாம்தான். அந்தப் புள்ளட மூஞ்சியில நீ அதைத் தேய்க்கவா போறா?"

நானும் நின்று யோசித்தேன். உம்றாவுக்குப் போய்வந்த ஒருவர் தந்த அத்தர் அலுமாரியில் இருந்தது. வாசனைத் தண்ணி என்றால் எல்லாம் ஒன்றுதானே, சுத்தமானதும்கூட என்று என் மூளை சொன்னது. பஞ்சில் அத்தரைத் தொட்டு அந்தக் கண்ணாடியை அழகாகத் துடைத்தேன். அத்தர் எண்ணெயில் செய்தது என்பது அப்போது தலையில் ஏறவில்லை. அதற்குப் பிறகு ரைட்டர் டிவிடியும் அடிக்கவில்லை, சீடியும் அடிக்கவில்லை, போட்ட சீடியை வாசிக்கவும் இல்லை. தட்டு திறக்கும்போது பெருநாள் தொழுகைக்கு நிற்பதுபோல் வாசம் வந்தது, அவ்வளவுதான்.

அது வியாழக்கிழமை. நான் தரையில் குந்திவிட்டேன். அழுகை வந்தது என்று சொல்ல வெட்கமில்லை. ஒரு மனிதனால் மனைவிக்காகக் காட்டைத் துப்புரவாக்க முடியவில்லை, ஒரு சுவர் எழுப்ப முடியவில்லை, பிள்ளையின் முகத்தை அனுப்பக்கூட முடியவில்லை என்றால் அவன் எதற்கு இருக்கிறான்? அவள் அங்கே யாரோ ஒருவரின் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். நான் இங்கே ஒரு தகரப் பெட்டிக்கு அத்தர் பூசிக்கொண்டிருக்கிறேன். என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோயிருந்தால் ஆரம்பத்திலேயே வேலை முடிந்திருக்கும். அது எனக்கும் தெரியும், ராத்தாவுக்கும் தெரியும். ஆனால் அந்தப் படத்தில் ராத்தா தலையில் சீலை இல்லாமல் கிணற்றடியில் நிற்கிறாள், முழங்கைவரை நனைந்து மகனைக் குளிப்பாட்டுகிறாள். அதை ஒரு அந்நிய ஆணின் மெஷினில் ஏற்ற அவள் எப்படிச் சம்மதிப்பாள்? வெட்டி எடுக்கலாமென்றால், மகன் இருந்த இடமெல்லாம் ராத்தா இருந்தாள்.

நான் தரையில் குந்தியிருந்ததை அவள் வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே போனாள். கொஞ்சம் கழித்து வந்தாள்.

"கொண்டுபோ தம்பி. நம்மட ஆக்கள் இல்லாத கடையாப் பாரு."

"ராத்தா, நீங்க..."

"அவள் பெத்தவள். பாக்கட்டும். அல்லாஹ் என்னை மன்னிப்பான்."

வீடியோவைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, பாலாவியில் பஸ் மாறி, மதுரங்குளியில் ஒரு சிங்களவரின் ஸ்டூடியோவுக்குப் போனேன். கல்யாண வீடியோ செய்கிறவர். பெண்கள் இருக்கிற படம் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் தடுமாறிச் சொன்னேன். அவர் தமிழில் பதில் சொன்னார்.

"நான் பாக்கமாட்டேன் நானா. கொப்பி மட்டும்தான்."

சொன்னபடியே திரையை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, வாசலில் போய் நின்று பீடி பற்றவைத்தார். பீடி முடிய இரண்டு டிவிடியும் தயாராக இருந்தன. ஒரு வாரமாக என்னைக் கொன்ற வேலை அது. அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் துஆ செய்கிறேன்.

ஒன்று வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணோடு ஏர்போட் வேனில் போனது. மற்றது அலுமாரியில் இருந்தது. ராத்தா அன்றைக்கு வட்டிலப்பம் செய்தாள். எல்லோருக்கும் பெருநாள் மாதிரி இருந்தது.

அடுத்த போன் வரும்வரை நான் நாளை எண்ணிக்கொண்டு கிடந்தேன். வந்ததும் சலாம்கூட ஒழுங்காகச் சொல்லாமல் கேட்டேன்.

"கிடைச்சதா? போட்டுப் பாத்தியா?"

"ஓம். கிடைச்சது."

"எப்பிடி?"

"படம் வடிவா இருக்கு. நல்லா வளந்திட்டான். சத்தம்தான் வரல்ல."

"சத்தம் வரல்லயா? டீவிச் சத்தத்தைக் கூட்டிப் பாத்தியா?"

"பாத்தன். வரல்ல. பரவாயில்ல. மேடம் கூப்பிடுறா."

போன் வெட்டுப்பட்டது. எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. அந்த ஸ்டூடியோக்காரரை மனதுக்குள் ஏசினேன். மிச்சமிருந்த டிவிடியை எடுத்துக்கொண்டு, பக்கத்துத் தோட்டக்காரர் வீட்டில் பிளேயரை இரவல் வாங்கிவந்து எங்கள் டீவியில் மாட்டினேன். ராத்தா மகனோடு கடைக்குப் போயிருந்தாள். படம் ஓடத் தொடங்கியதுமே கோழி கத்தியது. வாளி உருண்டது. சத்தம் கணீரென்று வந்தது.

அப்படியானால் சத்தம் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று பார்ப்பதற்காக, முகத்தைப் பார்க்காமல், காதை மட்டும் கொடுத்து உட்கார்ந்தேன்.

மகன் ஓடும்போது, "உம்மா, கோழி" என்று ராத்தாவைக் கூப்பிட்டுக் கத்தினான். சோற்றைத் துப்பிவிட்டு, "போதும் உம்மா" என்றான். குளிக்கும்போது கண்ணில் சவுக்காரம் பட்டு, "உம்மா, உம்மா" என்று அழுதான். ராத்தா, "இந்தா இந்தா, முடிஞ்சுது மகன்" என்று அவன் கண்ணைத் துடைத்தாள். இதெல்லாம் எங்கள் வீட்டில் விடிந்தால் பொழுதுபட்டால் கேட்கிற சத்தம். எங்கள் யாருடைய காதுக்கும் அது பெற்ற தாயைக் கூப்பிடுகிற சொல்லாகவே விழுந்ததில்லை.

கடைசியில் ராத்தா அவனை மடியில் வைத்து, கேமராவைக் காட்டி, "உம்மாக்கு சலாம் சொல்லுங்க மகன்" என்கிறாள். அவன் கேமராவைப் பார்க்கிறான். பிறகு திரும்பி, ராத்தாவின் நாடியைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, அவளுடைய முகத்துக்கு நேரே, "அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா" என்கிறான். ராத்தா சிரிக்கிறாள். கேமராவைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான் என்பதால், என்னுடைய சிரிப்புத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகக் கேட்டது.

பிளேயரை நிறுத்தினேன். ராத்தாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. எதைச் சொல்வது? பிள்ளையை வளர்த்தது பிழை என்றா? தலைச்சீலையைக்கூட விட்டுக்கொடுத்தவளிடம்?

அடுத்த மாத வெள்ளிக்கிழமை போன் வந்தபோது நானாகவே தொடங்கினேன்.

"மற்றக் கொப்பியைப் போட்டுப் பாத்தன். அதிலயும் சத்தம் இல்ல. அடிச்ச இடத்திலதான் பிழை."

அவள் மூச்சு விடுவது கேட்டது.

"ஓம்," என்றாள். "நானும் அப்பிடித்தான் நினைச்சன். படம் இருக்குதானே. நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன்."

மகன் ராத்தாவின் இடுப்பில் இருந்துகொண்டு போனைப் பறிக்கக் கையை நீட்டினான்.

"மகன் இஞ்சதான் நிக்கிறான். குடுக்கட்டா?"

"வேணாம்," என்றாள். "மேடம் வாறா."

அதன்பிறகும் கொஞ்ச நேரம் அவள் போனை வைக்கவில்லை.