கித்துள் மரத்தின் கடைசிக் குலை

எங்கள் அடுப்படிக்குப் பின்னால் ஒரு பனை நின்றது. சிலோன் தோட்டத்தில் பிறந்த அம்மா அதைக் கித்துள் என்பாள். கூடலூர்ப் பக்கத்துக்காரியான என் மனைவிக்கு அது ஆனைப்பனை. கல்யாண வாசலில் கட்டக் குலை தேடி எங்கள் ஊர் ஓவேலிக்கு வருகிறவர்கள் கூந்தல்பனை என்று கேட்பார்கள். மரம் ஒன்றுதான். இலை மீன் வால் மாதிரி கிழிந்திருக்கும். மட்டையடி நாரில் துடைப்பம் கட்டலாம், தண்டைப் பிளந்து உள்ளே சோறு என்று சொல்லும் மெத்தென்ற சதையில் மாவு எடுக்கலாம். சிலோனில் பாளையைச் சீவி, வடியும் பதநீரில் பாணி என்கிற வெல்லப்பாகு காய்ச்சுவார்களாம். இங்கே பாளையில் கத்தி வைத்தால் கள் இறக்கியதாக வழக்கு வரும். அதனால் பாணியைப் பற்றிக் கேள்விப்பட்டதோடு சரி.

இது தென்னை மாதிரி வருஷா வருஷம் காய்க்காது. வளர்ந்து முடித்த பிறகுதான் உச்சியில் முதல் பாளை விடும். அப்புறம் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி வரும். அடிப்பாளையும் காய்த்து முடிந்தால் மரம் பட்டுப்போகும். எங்கள் மரத்தில் கடைசிக் குலை தொங்கியபோது மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. பேத்தியின் கல்யாண வாசலில் அந்தக் குலைதான் தொங்க வேண்டும் என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள்.

மனைவிக்கு வேறு கவலை. உள்ளே இருக்கும் சோற்றுக்காக யானை இந்த மரத்தைத் தள்ளித் தின்னும். கீழே சதுப்பில் யானை நடமாட்டம் இருந்தது.

"அத்தே, இது ஆனைப்பனையாக்கும். சொந்தக்காரங்க வர்றதுக்குள்ள வெட்டிரலாம்," என்றாள்.

"இத்தன வருஷமா நிக்குது, ஒரு ஆனை தொட்டுச்சா? கல்யாணத்துக்கு மொத நாள் வெட்டு. இப்பவே வெட்டுனா குலை வாடிப் போகும்," என்றாள் அம்மா.

எனக்கும் பயம்தான். மனைவி பக்கம் சாய்ந்தேன். மறுநாளே மரம் விழுந்தது. அம்மா என்னோடு பேச்சை நிறுத்தினாள். குலையைத் தன் கட்டிலுக்கு அடியில் இழுத்து வைத்து, ஈரச் சாக்கைப் போர்த்தினாள். மாவு எடுக்கலாமே என்று தண்டைத் துண்டு போட்டுப் பிளந்தோம். "சுவத்தோரமா வைங்க, பத்திரமா இருக்கும்," என்றாள் மனைவி. அடுப்படிச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்தேன்.

விடிகிற நேரத்தில் ஏதோ முறியும் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஒரு யானை நின்று நிதானமாகச் சோற்றை உரித்துத் தின்றுகொண்டிருந்தது. மொத்தத்தையும் முடித்துவிட்டு, சுவரில் உடம்பைத் தேய்த்துவிட்டுப் போனது. சுவர் பிளந்துவிட்டது. மனைவி அழுதே விட்டாள்.

அம்மா வெளியே வந்து சுவரைப் பார்த்தாள். பிறகு மனைவியைப் பார்த்தாள்.

"நின்ன மரத்துக்கு வராத ஆனை, நறுக்கி வச்சுப் பந்தி போட்டா வராம என்ன செய்யும்?"

கல்யாணத்தன்று அடுப்படிச் சுவரைத் தார்ப்பாய் மறைத்தது. வாசலில் குலை தொங்கியது, கொஞ்சம் வாடித்தான். ஸ்டூலில் ஏறி அதைக் கட்டியவள் மனைவி. கீழே நின்று ஸ்டூலைப் பிடித்திருந்தவள் அம்மா.

"அத்தே, நேரா இருக்கா?"

"நேராத்தான் இருக்கு. ஏம்புள்ள, அந்தத் தண்டச் சுவத்தோரம் வச்சது யாரு?"

"அவருதான் அத்தே."

இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தார்ப்பாயை இழுத்துக் கட்டப் போனேன்.